தாத்தா செய்த பொம்மை வீடு, பரிசாக வந்த பொம்மை வீடு: எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?

என்னிடம் ஒரே சமயத்தில் இரண்டு பொம்மை வீடுகள் இருந்தன. ஒன்று, அம்மா சிறுமியாக இருந்தபோது தாத்தா தன் கையால் செய்து கொடுத்தது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. இன்னொன்று, ஸ்வீடனின் லண்ட்பி கம்பெனி தயாரிப்பு. எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான அக்கா ஒருவர், தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று என் மகளுக்குக் கொடுத்தது. மகளும் வளர்ந்துவிட்டாள். இரண்டையும் வைக்க வீட்டில் இடம் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டேன், ஒன்றை விற்றேன்.

காசை ஒரு தட்டிலும் நினைவை ஒரு தட்டிலும் வைத்து எடை போட வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் பயந்தேன். இரண்டு வீட்டையும் அருகருகே வைத்து உட்கார்ந்து பார்த்தபோது அந்தப் பயம் போய்விட்டது. நமக்கு நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும் பொம்மை வீட்டுக்குச் சந்தையில் பெரும்பாலும் விலை இல்லை. சந்தையில் விலை போகும் வீட்டில் பல சமயம் நம் நினைவு அவ்வளவாக இல்லை.

தாத்தா செய்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் பரிசுப் பொருள் சுற்றி வந்த பூப்போட்ட காகிதம். கண்ணாடிக்குப் பதில் ஜிகினாத்தாள். படுக்கையறையில் ஒரு அலமாரி: ஆறு தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, ஒவ்வொரு இழுப்பறைக்கும் கைப்பிடியாக ஒரு பாசிமணியை நூலால் தைத்திருக்கிறார். மாடிப்படி மூலையில் காகிதம் சற்று உரிந்த இடத்தில் பென்சிலால் எழுதிய அளவுகள் தெரிகின்றன. தாத்தாவின் கையெழுத்து. இதையெல்லாம் வாங்க வருபவரிடம் சொன்னால் அன்பாகக் கேட்பார், பிறகு இரண்டு கேள்வி கேட்பார்: யார் தயாரிப்பு, என்ன அளவு?

அளவு என்பது முக்கியமான விஷயம். பெரியவர்கள் சேகரிக்கும் பொம்மை வீடுகளில் மிகவும் பரவலானது 1:12. அதாவது நிஜத்தில் ஒரு அடி, இங்கே ஒரு அங்குலம். 6 அடி ஆள் 6 அங்குலம் இருப்பார். லண்ட்பி வீடுகள் 1:18. அதே ஆள் அதில் 4 அங்குலம்தான். ஒன்றின் சாமான் மற்றதில் பொருந்தாது. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் வாசற்கதவை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 7 அங்குலம் என்றால் 1:12, நாலரை அங்குலத்தைச் சுற்றி என்றால் 1:18. தாத்தாவின் வீட்டில் கதவு ஒரு கணக்கு, நாற்காலி வேறொரு கணக்கு. அம்மாவின் கைக்கு எது எட்டுமோ அதுதான் அவருக்கு அளவு. எந்தச் சேகரிப்புக்கும் அது பொருந்தாது. அதை விற்றால் கிடைப்பது மரத்தின் விலைகூட இல்லை.

பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்திய பிளைவுட் வீடுகளுக்கும் இதே கதிதான். கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, விளக்குக்கு ஒயர் இழுத்து, மாதக்கணக்கில் உழைத்திருப்பார்கள். அந்த உழைப்பு விற்கும் விலையில் சேராது. சாமான்களுக்குச் செலவழித்ததே திரும்பி வந்தால் பெரிது. இது வருத்தமான விஷயம்தான். ஆனால் முன்பே தெரிந்திருந்தால், சொற்பக் காசுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மனம் நோக வேண்டியதில்லை.

லண்ட்பி விஷயம் நேர்மாறு. 1947-இல் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய கம்பெனி. குட்டி விளக்குகளைக் கூரையில் செருகினால் எரியும், மின்சாரம் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும். ஒரே வீட்டைப் பல்லாயிரம் குழந்தைகள் வைத்து விளையாடியிருக்கிறார்கள். இன்று நடுத்தர வயதில் இருக்கும் அவர்கள், தொலைந்துபோன ஒரு சோபாவையோ ஒரு மேசை விளக்கையோ தேடிக்கொண்டே இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வீட்டின்மேல் பிரியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாங்க வந்த அம்மாள் குளியலறைத் தொட்டியைக் கையில் எடுத்ததும் கண் கலங்கிவிட்டார். அந்த நிமிடமே எனக்கு முடிவாகிவிட்டது.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் வீட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் மொரிட்ஸ் கோட்சால்க் வீடுகள் பலவற்றின் அடியில் பென்சிலில் ஒரு எண் இருக்கும். அமெரிக்காவின் பிளிஸ் வீடுகள், மரத்தின்மேல் அச்சிட்ட வண்ணக் காகிதம் ஒட்டியவை. கம்பெனி பெயர் பெரும்பாலும் வாசல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள், சுவர்க் காகிதத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மங்கிய பழைய வண்ணத்துக்குத்தான் மதிப்பு. விற்பதற்காகப் புதுப்பித்தேன் என்று ஆசையாகச் செய்து பாதி விலையைப் போக்கிக்கொண்டவர்கள் உண்டு.

வைத்துக்கொள்வதும் சும்மா வராது. மூன்று மாடி 1:12 வீடு என்றால் மாடிக்கு 8, 9 அங்குலம், மேலே கூரை. இரண்டரை அடி உயரம் தாண்டிவிடும். முன்பக்கம் கதவுபோல் திறக்கும் வகையாக இருந்தால் எதிரேயும் இடம் விட வேண்டும். வெயில் நேராக விழுந்தால் காகிதம் வெளுக்கும். ஈரச் சுவரை ஒட்டி வைத்தால் பசை விட்டுப்போகும், பிளைவுட் உப்பும். பசையையும் காகிதத்தையும் ராமபாணப் பூச்சி தின்னும். மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே மாவுபோல் தூளும் தெரிந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள். "வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பரணில் ஏற்றி மறந்துவிடுவது, என் கணக்கில் வைத்துக்கொள்வதே இல்லை. அதற்கு விற்பது எவ்வளவோ மேல்.

குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமே என்று தோன்றும். புது வீடு என்றால் தாராளமாகக் கொடுங்கள். பழையது என்றால் யோசிக்க வேண்டும். பொம்மைகளில் ஈயம் கலந்த பெயின்ட்டை அமெரிக்கா தடை செய்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய வீட்டை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் தராதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபார்மரையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் செருக வேண்டாம்.

விற்பது என்று முடிவானால் அடுத்த கேள்வி, முழுசாகவா, பிரித்தா? பிரித்தால் காசு அதிகம் வரக்கூடும். நாற்காலியும் பாத்திரமும் சின்னப் பெட்டியில் ஊர் தாண்டிப் போய்விடும். வீட்டை அனுப்புவதோ பெரும்பாடு, நேரில் வந்து எடுத்துப் போகிறவர்தான் வேண்டும். ஆனாலும் நான் முழுசாகக் கொடுப்பதன் பக்கம்தான். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணி 1686 முதல் 1710 வரை சேர்த்த பொம்மை வீடு இருக்கிறது. அன்றைய குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று அது காட்ட முடிவது, சமையலறைத் தட்டும் அலமாரித் துணியும் வீட்டோடு சேர்ந்தே பிழைத்ததால்தான். நம் வீடு அவ்வளவு பெரியது இல்லை, சரி. ஆனால் சாமானை விற்றுவிட்டு நிற்கும் வெறும் கூட்டை யாரும் சீந்துவதில்லை. பல காலமாக அங்கங்கே வாங்கிச் சேர்த்த, அளவு ஒட்டாத சாமான்களைத் தனியே விற்பதில் மட்டும் தவறில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் அபூர்வமாக இருந்தாலொழிய வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. விளம்பரம் போடும் முன் கேட்க வேண்டியவர்களைக் கேட்டுவிடுங்கள். பரம்பரையாக வந்தது உங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தமான நினைவு இல்லை. தாத்தா வீட்டைப் பற்றிச் சித்தியிடம் சும்மா பேச்செடுத்தேன். "குடுக்கிறதா இருந்தா முதல்ல எங்கிட்ட சொல்லு. உங்கம்மா மேல்மாடியத் தொட விடமாட்டா, கீழ்மாடி என்னுது" என்றார். அறுபது வருடத்துப் பாகப்பிரிவினை இன்னும் அவருக்கு மறக்கவில்லை. பரிசு கொடுத்த அக்காவிடமும் கேட்டேன். கேட்காமல் விற்றிருந்தால் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியிருக்கும். "உனக்குக் குடுத்தாச்சு, உன் இஷ்டம். விளையாடுறவங்க கையில போனா சந்தோஷம்" என்று சொல்லிவிட்டார்.

லண்ட்பி வீடு போகும்போது ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே வைத்தேன்: யார் கையிலிருந்து யாருக்கு வந்தது, எந்த விளக்கு மாற்றியது, எந்த நாற்காலியின் கால் ஒட்டுப்போட்டது என்று. தாத்தாவின் வீடு இப்போது கூடத்தில், வெயில் படாத சுவரோரம் இருக்கிறது. சித்தி வரும்போதெல்லாம் கீழ்மாடியை அவரே திறந்து துடைக்கிறார். தீப்பெட்டி அலமாரியில் ஒரு பாசிமணி இல்லை. அதை அம்மாதான் பிய்த்தாள் என்று அவர் சொல்கிறார்.