போர் நடக்கும் ஊருக்கு நிவாரணம்: பொருளா, பணமா?

கடலூரில் நிதி திரட்டும் நண்பர்கள் கேட்ட கேள்வி இது.

செலவு: பொருளுக்கு லாரி, கிடங்கு, ஆள்கூலி வேண்டும். பணத்துக்கு வேண்டாம்.

பயன்: 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் பழைய துணி மூட்டைகள் யாரும் எடுக்காமல் ரோட்டோரம் கிடந்தன. பணம் கொடுத்தால் வலையா, அடுப்பா என்பதை அவரவரே முடிவு செய்வார்கள்.

முதலீடு: பணம் உள்ளூர்க் கடையில் சுழலும், படகு பழுதுபார்ப்பவருக்கும் வேலை கிடைக்கும். இலவச அரிசி தொடர்ந்து வந்தால் அரிசிக்கடைக்காரர் என்ன செய்வார்?

அமைதி: இதுதான் கஷ்டம். லாரியை ஆயுதக்குழு மறிக்கும், பணத்தையும் மிரட்டிப் பிடுங்கும். ஆகவே பயனாளிகள் பட்டியலை இரு தரப்பு மக்களும் சேர்ந்து எழுதவேண்டும். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுனாமிக்குப் பின் 2005 ஆகஸ்ட் 15 அன்று அரசுக்கும் கிளர்ச்சிக்குழுவுக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் அதே ஆண்டு அரசும் புலிகளும் ஒப்புக்கொண்ட கூட்டு நிவாரண ஏற்பாடோ நீதிமன்றத் தடையில் முடங்கியது.

சந்தை மூடிக்கிடக்கும் முதல் நாட்களில் அரிசி, மருந்து, தார்ப்பாய் அனுப்புங்கள். கடை திறந்ததும் பணம்தான் சரி.