ஈகே3 சிவிக்கிற்கு எதைப் பூட்டலாம், எதை விடலாம்

யாழ்ப்பாணத்தில் இன்னும் கிராக்கி குறையாத பழைய கார்களில் ஈகே3 ஹொண்டா சிவிக் ஃபெரியோவும் ஒன்று. 1995 இல் வந்த அதன் 1493 சீசீ டி15பி எஞ்சின் 130 குதிரைவலு தரும். மூன்று கட்ட வீடெக்தான், அதாவது வால்வு திறப்பதைச் சுற்றுக்கேற்ப மாற்றும் முறைதான், அதன் உயிர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுற்று வரை 12 வால்வுகளில் ஓடிப் பெற்றோலை மிச்சம் பிடிக்கும். பிறகு 16 வால்வும் சேரும். 6000 ஐ அண்டியதும் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் பெரிய கேம் பிடிக்கும். ஏ9 வீதியில் சட்டம் விடுகிற 70 கிலோமீற்றரில் ஐந்தாம் கியரில் போனால் முதற்கட்டத்திலேயே நிற்கலாம். இந்த மூன்று கட்டத்தையும் ஒழுங்காக வேலைசெய்ய விடுகிற சாமானுக்குத்தான் காசைச் செலவழிக்க வேண்டும்.

முதற்காசு, சூட்டைப் பார்த்துத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேமோஸ்ரற்றுக்கு. வெக்கையான ஊர் என்று சொல்லி அதைக் கழற்றிவிட்ட கார்கள் இங்கே ஏராளம். 78 பாகையளவில் திறக்கிற அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணித்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதலாகப் பெற்றோல் விசிறும். ஒயிலும் கெதியில் பழுதாகும். உண்மையில் எஞ்சின் அளவுமிஞ்சிச் சூடேறப் பெரும்பாலும் காரணம் ஊற்றும் தண்ணீர்தான். நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற றேடியேற்றர் குழாய்களில் படிவு ஏறி அடைபடும். றேடியேற்றரைக் கழுவி, கலந்து வரும் கூலன்ற்றை நிரப்பி, மூடியைத் திறந்தபடி, ஹீற்றரைக் கூட்டிவைத்து, விசிறி இரண்டு தரம் சுற்றும் வரை ஓடவிட்டால் காற்று வெளியேறிவிடும்.

ஒயிலில் 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 தான் திறம். பில்ரரோடு சேர்த்து ஏறத்தாழ 3.3 லீற்றர் பிடிக்கும். 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் கனத்து ஓடும், வீடெக்கைத் தள்ளும் ஒயிலும் பிந்திப் போகும். வீடெக்குக்கு ஒயிலைத் திறந்துவிடும் சொலினொயிட்டுகளின் கஸ்கற்றில் ஒரு மெல்லிய வலை உண்டு. அது கசடு பிடித்தால் மேற்சுற்றில் இழுவை செத்துவிடும். சின்னச் சாமான் அது. ஆனால் மலிவுச் சாமான்களில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

என்ஜிகே இரிடியம் பிளக் நல்ல பொருள். அதன் பலன் நீண்ட ஆயுளில்தான் தெரியும், வலுவில் அல்ல. போலிகள் நிறைய உலாவுகின்றன: பிளக்கின் அடி வளையம் கையால் சுழற்றவே கழன்று வந்தால் வாங்கவேண்டாம். எஞ்சின் தலை அலுமினியம் என்பதால் குளிர்ந்த எஞ்சினில் 18 நியூற்றன் மீற்றருக்கு மட்டும் இறுக்குங்கள். பிளக் மாற்றும்போதே டிஸ்ரிபியூற்றர் மூடியையும் ரோட்டரையும் மாற்றி, சேர்விஸ் கனெக்டரைக் குறுக்கிணைத்தபின் ரைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) வையுங்கள். அதைச் செய்யாமல் வைத்தால் ஈசியூ ரைமிங்கை நகர்த்திக்கொண்டே இருக்கும். வைத்த அளவு பொய்யாகும்.

ஒக்சிஜன் சென்சரில் மட்டும் மலிவு பார்க்கவே கூடாது. லீன் பேர்ன் (பெற்றோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி எரிப்பது) உள்ள எஞ்சினில் இருப்பது அகல அளவுச் சென்சர். அதன் இடத்தில் சாதாரண நான்கு வயர்ச் சென்சரை ஒட்டினால் லீன் பேர்ன் போய்விடும், பெற்றோல் சிக்கனமும் அதோடு போகும். கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்ததை எடுப்பதென்றால், எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று கேட்டு, கனெக்டரையும் ஒப்பிட்டு எடுக்கவேண்டும்.

கூம்பு வடிவக் காற்றுப் பில்ரர் இந்த ஊருக்குச் சரிவராது. பொனற்றுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே அது உறிஞ்சும். பழைய பெட்டியும் புதிய காகிதப் பில்ரரும் போதும். சைலன்சர் மாற்ற விரும்பினால் 2 அங்குலக் குழாயோடு நிறுத்துங்கள். அதைவிடப் பெருத்தால் சத்தம் கூடும், நகருக்குள் தேவைப்படும் கீழ்ச்சுற்று இழுவை குறையும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக்கை வெட்டினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். 95 ஒக்ரேனும் வீண்செலவு, 9.6 அழுத்த விகிதத்துக்கு 92 தாராளம்.

15 அங்குல றிம் ஆசைக்கு நியாயமுண்டு. 185/65ஆர்14 இன் விட்டம் 596 மில்லிமீற்றர், 195/55ஆர்15 இனது 595.5. வேகமானி பிசகாது, வளைவில் பிடிப்பும் கூடும். பாரமான மலிவு றிம்மைப் போட்டால் பெற்றோல் எரிவு ஏறும், ஆகவே வாங்குமுன் தராசில் வைத்துப் பாருங்கள். பூட்டியதும் நான்கு சில்லுக்கும் எலைன்மென்ற் (சில்லு நிற்கும் கோணத்தைச் சரிபார்ப்பது) செய்யுங்கள். பின் சில்லைத் தாங்கும் றெயிலிங் ஆமின் றப்பர் புஷ் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றாமல் எலைன்மென்ற் நிற்காது.