வாலட் சாவியால் கடிதத்தைப் பூட்டலாமா?

2023 மார்ச்சில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (எல்லோரும் பார்க்கக்கூடிய கிரிப்டோ பணக் கணக்கேட்டில்) இயங்கும் யூலர் ஃபைனான்ஸ் என்ற கடன் தளத்திலிருந்து கிட்டத்தட்ட 20 கோடி டாலர் திருடு போனது. திருடியவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரிதான். பரிவர்த்தனைக்குள் குறிப்பு எழுதி அனுப்பித்தான் நிறுவனம் அவரோடு பேரம் பேசியது. நடுவில் இன்னொரு முகவரி நுழைந்தது. முந்தைய ஆண்டு ரோனின் பாலத்தை, அதாவது பிளாக்செயின்களுக்கிடையே பணம் மாற்றும் ஒரு தளத்தை, கொள்ளையடித்த முகவரி அது. வட கொரியாவின் லாசரஸ் என்ற ஹேக்கர் குழுவின் வேலை என்று எஃப்பிஐ சொன்ன கொள்ளை. யூலரில் திருடியவருக்கு அங்கிருந்து ஒரு மறையாக்கச் செய்தி, அதாவது பூட்டிய செய்தி, வந்தது, அதை உன் சாவியால் திறந்து படி என்ற குறிப்போடு. யூலர் ஆட்கள் உடனே அவருக்கு எழுதினார்கள்: எக்காரணம் கொண்டும் அதைத் திறக்காதே, சாவியை எங்கேயும் உள்ளிடாதே.

காரணம் எளிது. அந்தச் செய்தியைத் திறக்கும் சாவிதான் பணப்பெட்டியையும் திறக்கும். வாலட்டை வைத்தே ரகசியமாகப் பேசலாம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எந்தச் சாவி எதைத் திறக்கிறது?

அதற்கு முன் ஒரு விஷயம். வாலட்டில் இரண்டு சாவி: பணத்தைத் திறக்கும் ரகசியச்சாவி, ஊருக்குக் காட்டக்கூடிய பொதுச்சாவி. பொதுச்சாவியால் பூட்டியதை ரகசியச்சாவிதான் திறக்கும். முகவரி வேறு, பொதுச்சாவி வேறு. எத்தீரியத்தில் 64 பைட் பொதுச்சாவியைக் கெச்சாக்-256 என்ற ஒருவழிக் கணக்கில் (ஹாஷ்) போட்டு, வருவதில் கடைசி 20 பைட்டை எடுத்தால் முகவரி. அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. முகவரியிலிருந்து பொதுச்சாவியும் அப்படித்தான். ஆனால் அந்த ஆள் ஒரு தடவை பணம் அனுப்பியிருந்தால் போதும், அந்தப் பரிவர்த்தனையில் உள்ள டிஜிட்டல் கையெழுத்திலிருந்து பொதுச்சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். பிட்காயினின் பழைய வகை முகவரிகளிலும் செலவு செய்யும்போதுதான் பொதுச்சாவி வெளியே வரும். பணம் வாங்கி மட்டுமே வைத்திருக்கும் முகவரிக்கு, உரியவர் தானாகப் பொதுச்சாவியைத் தராதவரை, பூட்டிய கடிதம் எழுதவே முடியாது. சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சாதாரண வாலட்டின் முகவரியே பொதுச்சாவி.

சரி, நேரடி வழி. எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட்டில் இது பல வருடங்களாக இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் என்கிரிப்ட், டிகிரிப்ட் என்று ஒரு ஜன்னல். எதிராளியின் 66 எழுத்துப் பொதுச்சாவியை ஒட்டி, செய்தியை எழுதி, பொத்தானை அழுத்தினால் புரியாத எழுத்துக்கோவை ஒன்று வரும். உள்ளே நடப்பது இதுதான்: அந்தக் கடிதத்துக்கென்றே ஒரு தற்காலிகச் சாவி பிறக்கிறது, அதையும் எதிராளியின் பொதுச்சாவியையும் சேர்த்து ஒரு பொது ரகசியம் உருவாகிறது, அதைக் கொண்டு ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டு போடப்படுகிறது. கோவையை மின்னஞ்சலில் அனுப்பலாம், தாளில் எழுதிக்கூடக் கொடுக்கலாம். சர்வர் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். இந்தச் சுதந்திரம் எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

பிடிக்காதது இது: தற்காலிகச் சாவி அனுப்புபவரின் பக்கம் மட்டும்தான். பெறுபவரின் பக்கம் சாவி மாறுவதே இல்லை. என்றைக்காவது அவருடைய வாலட்டை மீட்க உதவும் 12 சொற்கள் கசிந்தால் பணமும் போகும், அந்தச் சாவிக்கு இதுவரை வந்த கடிதங்கள் எல்லாமும் திறந்துவிடும். கடிதத்தைப் பிளாக்செயினிலேயே எழுதியிருந்தால் இன்னும் மோசம். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது பூட்டாமலே எல்லோருக்கும் தெரியும். பூட்டிய பகுதியும் அழியாமல் கிடக்கும். மெட்டாமாஸ்க் என்ற எத்தீரியம் வாலட்டிலும் இப்படி மறையாக்கச் சாவி கேட்கும் வசதி இருந்தது. இனி பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களே அதை ஒதுக்கிவிட்டார்கள்.

வாலட் முகவரியை அடையாளமாக வைத்துச் செய்தி அனுப்பும் எக்ஸ்எம்டிபி என்ற வலைப்பின்னல் வேறு மாதிரி யோசிக்கிறது. அங்கே வாலட் கடிதத்தைத் தொடுவதில்லை. புதிதாக உருவான ஒரு செய்திச் சாவியைக் காட்டி, இது என்னுடையதுதான் என்று கையெழுத்து மட்டும் போடுகிறது. அப்புறம் பூட்டுவது, திறப்பது எல்லாம் எம்எல்எஸ் என்ற செய்திப் பூட்டு நெறிமுறையின் வேலை; அது சாவிகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே போகும். செய்திச் சாவி கசிந்தாலும் பணம் பத்திரம். நேரடி வழியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு பேரும் எக்ஸ்எம்டிபியில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குத் திடீரென எழுத இது உதவாது. அதோடு, வாலட் முகவரியை அடையாளமாகக் கொடுத்தால் உங்கள் இருப்பையும் வரவு செலவையும் எதிராளி விரித்துப் பார்த்துவிடலாம். அரட்டைக்குத் தனியாக ஒரு காலி வாலட் வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டின் தரத்தை மட்டும் பார்த்தால் சிக்னல் என்ற அரட்டைச் செயலி இந்த இரண்டு வழிகளுக்கும் ஈடுகொடுத்து நிற்கும். ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி, பயன்படுத்திய சாவி அழிப்பு. இன்று ஃபோன் பிடிபட்டாலும் அதிலுள்ள சாவிகளை வைத்து நேற்று அழித்த செய்தியைத் திறக்க முடியாது. பதிவு செய்ய ஃபோன் எண் கேட்பது குறைதான். 2024 முதல் பயனர்பெயர் கொடுத்து எண்ணை மறைக்கலாம். ஆனால் சிக்னலில் இருப்பவர்தான் அந்த வாலட்டின் சொந்தக்காரர் என்று எப்படி நம்புவது?

அந்த இடத்தில்தான் வாலட் வேண்டும், கையெழுத்துக்காக மட்டும். இன்ன தேதியில் இன்ன பயனர்பெயர் என்னுடையது என்று ஒரு வரியை வாலட்டில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்தைச் சரிபார்க்கும் வசதி உள்ள வாலட்டில் அதைச் சரிபார்க்கலாம். சாவியைத் தனிக் கருவிக்குள் வைத்திருக்கும் ஹார்ட்வேர் வாலட்டுகளாலும் இந்தக் கையெழுத்தைப் போட முடியும், ரகசியச்சாவி பெட்டியை விட்டு வெளியே வராது. கையெழுத்து சரியாக இருந்தால் நடுவில் வேறு யாரும் நுழையவில்லை என்று உறுதிசெய்ய உதவும் சிக்னலின் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணையும் இதே முறையில் ஒப்பிட்டுக்கொண்டு, பேச்சை அங்கே தொடங்குங்கள்.