ஆர்ச்சி வராத பக்கங்கள்: பெட்டி, வெரோனிகா காமிக்ஸோடு நீண்ட நாள் பழக்கம்

தொண்ணூறுகளில் பள்ளியில் படிக்கும்போது வாடகை நூல்நிலையத்தில் எடுத்து வாசிக்க ஆரம்பித்தது, பெட்டி–வெரோனிகா காமிக்ஸ். இன்னும் விடவில்லை. இவ்வளவு காலம் ஒரே தொடரோடு பழகினால் அதன் நல்லது கெட்டது இரண்டும் அத்துப்படியாகிவிடும். மகளுக்கு வாங்கலாமா, மருமகளுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் அவ்வப்போது கேட்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். ஆர்ச்சி கடைசியில் யாரைக் கட்டிக்கொள்வான் என்று தெரிந்துகொள்ள இதை வாசித்தால் பத்தே கதையில் அலுத்துப்போகும். அந்தப் பையன் எட்டிப் பார்க்காத பக்கங்களில்தான் இந்தத் தொடரின் சரக்கு இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ரிவர்டேல் என்பது அமெரிக்காவில் ஒரு கற்பனை ஊர். செம்பட்டைத் தலை ஆர்ச்சி ஆண்ட்ரூஸ் 1941 டிசம்பர் தேதியிட்ட 'பெப் காமிக்ஸ்' 22ஆம் இதழில் அறிமுகமானான். பெட்டி கூப்பர் அதே கதையில் வந்துவிட்டாள். நாலு இதழ் கழித்து, 1942இல், பணக்கார வெரோனிகா லாட்ஜ் வந்து சேர்ந்தாள். வரைந்தவர் பாப் மான்டானா. வெரோனிகாவின் முதல் பெயர் அன்றைய நடிகை வெரோனிகா லேக்கிடமிருந்து எடுத்தது. பெட்டியும் வெரோனிகாவும் தோழிகள், இருவருக்கும் ஆர்ச்சிமேல்தான் காதல். 1950இல் இந்த இருவருக்கும் தனிப் பத்திரிகை தொடங்கியது. 'ஆர்ச்சியின் பெண்கள்' என்ற அடைமொழியோடு 1987 வரை 347 இதழ்கள். அந்த வருஷமே அடைமொழியைக் கழற்றிவிட்டு, வெறும் 'பெட்டி அண்ட் வெரோனிகா' என்று மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி 2015 வரை 278. டைஜஸ்ட்டுகள் இந்தக் கணக்கில் சேராது.

அந்த டைஜஸ்ட்டுகள்தான் நம் ஊருக்கு அதிகம் வந்தவை. கைக்கு அடக்கமான சின்னப் புத்தகம், உள்ளே மட்டமான தாள், முதுகில் பசை. ரயில் நிலையப் புத்தகக் கடையிலும் வாடகை நூல்நிலையத்திலும் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் வாசிக்க வசதி. ஆனால் நாலு பேர் கை மாறினால் முதுகு பிளந்து, கதையின் கடைசிப் பக்கம் காணாமல் போயிருக்கும். எழுத்தும் பொடி. பெரிய இதழுக்காக வரைந்த பக்கத்தை அப்படியே சுருக்கினால் வேறென்ன ஆகும்? அப்போது நான் வாசித்த தமிழ் காமிக்ஸில் மாயாவியும் மாண்ட்ரேக்கும் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெண் நாயகி என்றால் எனக்கு நினைவிருப்பது மாடஸ்தி ஒருத்திதான், அவளும் கத்தி, துப்பாக்கியோடு. இரண்டு பெண்கள் கடையில் உட்கார்ந்து மூன்றாவது தோழியின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று சண்டை போடுவதையெல்லாம் கதை என்று ஒருவர் அச்சடித்துக் கொடுப்பார் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்று பெட்டி, வெரோனிகா என்றதும் கண்முன் வரும் உருவம் மான்டானா வரைந்ததல்ல, டான் டிகார்லோ வரைந்தது. 1950களில் ஆர்ச்சி நிறுவனத்துக்கு வரையத் தொடங்கியவர், ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். அவருடைய கோடுதான் நிறுவனத்தின் கோடு என்று ஆகி, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே வரைந்தார்கள். அவருடைய பெட்டியையும் வெரோனிகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே முகம், ஒரே உடம்பு. மஞ்சள் முடிக் குதிரைவாலை எடுத்துவிட்டுக் கறுப்பு முடியை ஒட்டினால் அவள் இவளாகிவிடுவாள். ரொம்ப நாள் இதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அழகில் இம்மியும் வித்தியாசம் கிடையாது என்று படமே அடித்துச் சொல்லிவிடுவதால் போட்டிக்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. தேடினால் கிடைப்பது பணம்.

ஆமாம், இது காதல் போட்டிக் கதை என்பதைவிடப் பணக் கதை. வெரோனிகாவின் அப்பா ஹைரம் லாட்ஜ் ஊரிலேயே பெரிய கோடீஸ்வரர். மாளிகை, சமையற்காரர், ஸ்மிதர்ஸ் என்ற பட்லர். பெட்டி வீடு மாதச் சம்பளத்தில் ஓடும் வீடு. அவள் பகுதிநேர வேலைக்குப் போவாள், குழந்தை பார்த்துக்கொள்வாள், தன் கவுனைத் தானே தைப்பாள், ஆர்ச்சியின் ஓட்டைக் காருக்கு அடியில் படுத்து ரிப்பேர் செய்வாள். வெளியே வரும்போது கையெல்லாம் கிரீஸ். அதற்குள் அந்தக் காரில் ஏறி வெரோனிகா கிளம்பியிருப்பாள். இந்த நகைச்சுவை எத்தனை விதமாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று கணக்கே கிடையாது. மறுபக்கமும் உண்டு. வெரோனிகா எதையும் வாங்கிவிடலாம், ஒரு கேக்கை ஒழுங்காகச் சுடத் தெரியாது. தன்னைப் பிடித்து வருகிறார்களா, தன் வீட்டு நீச்சல் குளத்துக்காக வருகிறார்களா என்ற சந்தேகம் அவளை விடுவதே இல்லை. அந்தச் சந்தேகம் வராத ஒரே ஆள் பெட்டி. ஏனென்றால் பெட்டி மட்டும்தான் அவளை முகத்துக்கு நேரே திட்டுகிறாள்.

எனக்குப் பிடித்த கதைகள் எல்லாமே இந்த ரகம். இருவரும் ஷாப்பிங் போவார்கள், வெரோனிகா அள்ளிக்கொண்டே போவாள், பெட்டி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். வசனமே வேண்டாம், அந்தக் கட்டம் ஒன்று போதும். எங்கள் வகுப்பிலும் அப்படி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும் கோஷ்டியும் பார்க்காத கோஷ்டியும் இருந்தன. நான் எந்தக் கோஷ்டி என்று சொல்லத் தேவையில்லை.

கதை பெரும்பாலும் ஐந்தாறு பக்கம். முப்பது வருஷத்துக்கும் மேல் இங்கே எழுதிய ஃபிராங்க் டாயில் போன்றவர்களுக்கு இந்த அளவு கைவந்த கலை. முதல் பக்கத்தில் சண்டை, மூன்றாம் பக்கத்தில் சூழ்ச்சி, ஐந்தாம் பக்கத்தில் இருவருமே மூக்குடைபட்டுப் பாப் டேட் கடையில் உட்கார்ந்து மில்க்‌ஷேக் குடிப்பார்கள். அடுத்த கதையில் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஆரம்பம். வாசல் கோலம் மாதிரி, தினமும் கூட்டித் தெளித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். இதனால்தான் இந்தத் தொடர் இவ்வளவு காலம் ஓடியது, இதனால்தான் எரிச்சலும் வருகிறது. பெட்டி ஏமாற்றப்பட்டதை அடுத்த கதையில் பெட்டியே மறந்துவிடுகிறாள், நமக்குத்தான் மறப்பதில்லை. என் மகள் வாசிக்கத் தொடங்கிய புதிதில், "ஏம்மா, இவ்வளவு பண்ணினதுக்கப்புறமும் இவ ஏன் அவகூடவே சுத்துறா?" என்று கேட்டாள். "அடுத்த கதைய படிடீ" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் அவளே, "ஆர்ச்சிய விட்டுட்டா ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள்.

சரி, குறைகளுக்கு வருவோம். எதெல் என்றொரு பெண் வருவாள். உயரம், ஒல்லி, எடுப்பான பல். அவள் ஆர்ச்சியின் நண்பன் ஜக்ஹெடைத் துரத்துவதும் அவன் ஓடுவதும்தான் பழைய கதைகளில் அவளுக்குக் கொடுத்த வேலை. அழகில்லாத பெண் ஆசைப்பட்டால் அதுவே நகைச்சுவை என்ற கணக்கு. சின்ன வயதில் நானும் சிரித்தேன். இப்போது அந்தக் கதைகளைத் தள்ளிவிட்டுப் போகிறேன். கறுப்பினப் பாத்திரம் என்று சக் கிளேட்டன் வந்ததே 1970களில்தான். அதுவரை அந்த ஊரில் வெள்ளைக்காரர் தவிர வேறு யாரும் குடியிருக்கவில்லை போல. கடற்கரைக் கதைகளில் பிகினிக்குக் கொடுக்கும் கவனம் கதைக்குக் கிடையாது. இத்தனைக்கும் 1954இல் அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்தபோது அவற்றைக் கொண்டுவந்த பதிப்பாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவரே ஆர்ச்சி நிறுவனத்தின் ஜான் கோல்ட்வாட்டர். விதி யாருக்கு எழுதப்பட்டதோ!

டைஜஸ்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, மறுபதிப்பு. முன்னால் ஒரு புதுக் கதை, பின்னாலே முழுக்கப் பழசு. இரண்டு டைஜஸ்ட் வாங்கினால் ஒரு கதையாவது இரண்டிலும் இருக்கும். அறுபதுகளில் வரைந்ததும் தொண்ணூறுகளில் வரைந்ததும் அடுத்தடுத்து வரும், வருஷம் போட்டிருக்காது. பழைய கதைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கூட இருக்காது. டிகார்லோவை நான் கோட்டைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன், பெயர் தெரிந்தது ரொம்பப் பின்னால். தன் மனைவியின் பெயரை வைத்து அவர் உருவாக்கிய ஜோசி பாத்திரம் சினிமாவாக வந்தபோது, உரிமை கேட்டு வழக்குப் போட்டார். நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது, வழக்கும் தோற்றது, 2001 டிசம்பரில் இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பெயரில்லாத அந்தப் பக்கங்களைப் பழையபடி ஜாலியாகப் புரட்ட முடிவதில்லை.

இந்தத் தொடரை மாற்றிப் பார்க்கவும் அவ்வப்போது முயன்றிருக்கிறார்கள். 1994இல், ஆர்ச்சி இதோ ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டான் என்று தண்டோரா போட்டு நாலு பத்திரிகைகளில் தொடர்கதை விட்டார்கள். கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது செரில் பிளாசம். 1982இல் அறிமுகமாகி, கொஞ்ச காலம் கண்ணில் படாமல் வைக்கப்பட்டிருந்த இன்னொரு பணக்காரி! வாசகரைக் கிண்டல் செய்வதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 2007இல் நிஜ மனிதர் போன்ற முகங்களோடு ஒரு கதையை டைஜஸ்டில் தொடராகப் போட்டார்கள். நிக் செயின்ட் கிளேர் என்ற போக்கிரியிடம் வெரோனிகா மயங்குவது கதை. கதை சுமார், முகங்கள் படு அந்நியம். 2009இல் ஆர்ச்சியின் 600ஆம் இதழில் தொடங்கிக் கல்யாணமே செய்துவைத்தார்கள். 'நினைவுகளின் தெரு' என்ற தெருவில் அவன் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் நடந்து எதிர்காலத்துக்குள் போய்விடுவான். முதல் மூன்று இதழில் மணமகள் வெரோனிகா, அடுத்த மூன்றில் பெட்டி. இரண்டுமே கனவு, இரண்டுமே உண்மை என்கிற மாதிரி ஒரு நழுவல். அதில் கல்யாணங்களைவிட, கூட்டத்தில் நின்று தோழியின் கல்யாணத்தைப் பார்க்கும் இன்னொருத்தியின் முகம்தான் எனக்கு மனசில் நிற்கிறது.

2016இல் ஆடம் ஹியூஸ் மூன்றே இதழில் ஒரு கதை செய்தார். பாப் டேட் கடையை ஒரு காபி நிறுவனம் விழுங்கப் பார்க்கிறது, பின்னணியில் லாட்ஜ் குடும்பம், தோழிகள் எதிரெதிர் அணி. கதை சொல்வது ஜக்ஹெடின் நாய். ஓவியம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், வசனம்தான் பக்கத்துக்குப் பக்கம் வழிகிறது. ஆனாலும் போட்டியின் வேரை நேராகப் பணத்தில் கொண்டுபோய் வைத்தது இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஜோயா அக்தரின் 'தி ஆர்ச்சிஸ்' இந்திப் படமும் இதையே தொட்டது. கதையை 1964க்கும் ஒரு மலை ஊரின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கும் நகர்த்தி, பெட்டியின் அப்பாவைப் புத்தகக் கடையோடு சேர்த்து லாட்ஜின் பணத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். நடிப்பைப் பற்றி ஊரே பேசிவிட்டது, நான் சொல்ல ஒன்றுமில்லை. 2017 முதல் 2023 வரை ஓடிய 'ரிவர்டேல்' டிவி தொடரில் கொலை, மர்மம், பாம்பு கோஷ்டி என்று எல்லாம் உண்டு. பெட்டியும் வெரோனிகாவும் சீக்கிரமே சமாதானமாகிவிடுவார்கள், அதோடு எனக்கு அதில் பாதி ஆர்வம் போய்விட்டது. அது குழந்தைகளுக்கானதும் அல்ல. காமிக்ஸ் என்று நினைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள்.

வாங்குவதானால், எட்டு, ஒன்பது வயதிலிருந்து டைஜஸ்ட்டுகள் தாராளமாகக் கொடுக்கலாம். எளிய ஆங்கிலம், படம் பார்த்தே பாதி புரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஆங்கில டியூஷனைவிட இதற்குப் பலன் அதிகம். புதிதாக வாங்கினால் கைக்கு எட்டாத விலையில்லை, ஆனாலும் பழைய புத்தகக் கடையில் முதலில் தேடுங்கள். எடுக்கும்போது கடைசிப் பக்கம் இருக்கிறதா, நடுவில் ஃபேஷன் பக்கங்களை யாராவது கத்தரித்திருக்கிறார்களா என்று ஒருமுறை புரட்டிவிடுங்கள். பாதிப் பிரதிகளில் கத்தரித்திருப்பார்கள். டிகார்லோ காலத்துக் கதைகளைத் தொகுத்து வந்த புத்தகங்கள் கிடைத்தால் டைஜஸ்ட்டை விட்டுவிட்டு அவற்றை எடுங்கள், தாளும் அச்சும் வேறு தரம். இருவரும் பைக் கோஷ்டி சேர்த்துக்கொண்டு கிளம்பும் 2017ஆம் ஆண்டின் 'விக்ஸன்ஸ்' பதின்வயதைத் தாண்டியவர்களுக்கு. பத்து இதழ்தான், ஆர்ச்சிக்கு அதில் பெரிய வேலை கிடையாது.