உப்புநீர் மீன் தொட்டிக்கு ஆர்.ஓ.-டி.ஐ. மெஷின்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆர்.ஓ.-டி.ஐ. என்றால், தண்ணீரில் கரைந்திருப்பதை முதலில் மெம்பிரேனாலும் மிச்சத்தை ரெசினாலும் பிடித்து எடுத்துவிடும் மெஷின். எங்கள் வீட்டில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி இருக்கிறது, சுமார் 180 லிட்டர். ஒரு ஜோடி க்ளவுன் மீன், சில நத்தைகள், கொஞ்சம் மஷ்ரூம் பவளம். இரண்டு வருடம் குழாய்த் தண்ணீரில்தான் ஓட்டினேன். குளோரின் போக மருந்து விட்டு உப்பைக் கலந்தால் போதும் என்று நம்பியிருந்தேன். மணல் முழுக்கப் பழுப்புப் பாசி, பாறையில் நூல் பாசி. ஞாயிற்றுக்கிழமை பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தேய்த்தால் புதன்கிழமைக்குள் மறுபடி படர்ந்துவிடும். ஒரே மாதத்தில் மூன்று நத்தைகள் செத்த பிறகுதான் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது.

குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவைக் காட்டுவது) விட்டுப் பார்த்தால் 650, அதாவது லிட்டருக்கு 650 மில்லிகிராம். சென்னை அபார்ட்மெண்ட், போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வரும். அந்த 650-இல் சுண்ணாம்பு எவ்வளவு, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. பழுப்புப் பாசி சிலிக்கேட்டைத் தின்றுதான் வளர்கிறது. செம்பு துளி இருந்தாலும் நத்தைக்கும் பவளத்துக்கும் ஆகாது.

நான் கவனிக்காமல் விட்டது டாப்-அப் தண்ணீரை. வெயில் காலத்தில், மேலே ஃபேன் ஓடும்போது, ஒரு நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகிறது. போவது வெறும் தண்ணீர்தான், உப்பும் மற்றதும் உள்ளேயே தங்கிவிடும். அதற்கு ஈடாக 650 டிடிஎஸ் தண்ணீரை ஊற்றினால் தினமும் 1.3 கிராம், மாதம் கிட்டத்தட்ட 40 கிராம் வேண்டாத சரக்கைத் தொட்டிக்குள் சேர்க்கிறோம். வாரம் 20 லிட்டர் மாற்றுவதற்கு மட்டும் நல்ல தண்ணீர் வாங்கி, டாப்-அப்புக்குக் குழாயைத் திறப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

சமையலறை ஆர்.ஓ. போதும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். போதாது. குடிக்கிற தண்ணீரில் ருசி வேண்டும் என்று அதில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள், எங்கள் வீட்டு மெஷினில் 90 வந்தது.

அதனால் 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) ஆர்.ஓ.-டி.ஐ. ஒன்று வாங்கினேன். முதலில் அழுக்கு வடிகட்டி, அப்புறம் கார்பன், மெம்பிரேன், கடைசியில் டி.ஐ. ரெசின். மெம்பிரேனுக்கு அப்புறம் 22, ரெசினுக்கு அப்புறம் 0. ஆனால் முதல் நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மெம்பிரேனுக்கு 50 பிஎஸ்ஐ அளவில் அழுத்தம் வேண்டும், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இரண்டு மாடி இறங்கி வரும் தண்ணீரில் 10 பிஎஸ்ஐ வந்தாலே பெரிது. பூஸ்டர் பம்ப் தனியாக வாங்க வேண்டியிருந்தது, விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம். நம் ஊர் வீடுகளில் பூஸ்டர் இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

இன்னொரு குறை, வீணாகும் தண்ணீர். 1 லிட்டருக்கு 3 லிட்டர் வெளியே போகிறது. மனசு கேட்காமல் டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்கிறோம். அதில் உப்பு இன்னும் கூடுதல் என்பதால் செடிக்கு ஊற்றுவதில்லை.

தொட்டி உடனே மாறிவிடாது. பாறையும் மணலும் பழைய பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும், மெதுவாகத்தான் விடும். நான் வாரம் 20 லிட்டராக மாற்றிக்கொண்டே வந்தேன், ஏழாவது வாரம்தான் பழுப்புப் பாசி வெளுக்க ஆரம்பித்தது. இப்போது மணல் வெள்ளையாக இருக்கிறது. நூல் பாசி மட்டும் பம்ப்புக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஷ்ரூம் இரண்டு குட்டி போட்டிருக்கிறது, அதற்கப்புறம் நத்தை ஒன்றுகூடச் சாகவில்லை.

மெஷினைப் போட்டதும் முதலில் வரும் தண்ணீரை ஐந்து நிமிடம் வெளியே விட்டுவிடுங்கள், அதில் டிடிஎஸ் கூடுதலாக இருக்கும், வீணாக ரெசினைத் தின்றுவிடும். என் ரெசின் ஐந்து மாதம் வந்தது, நீலம் போய்ப் பழுப்பானதும் மாற்றினேன். தண்ணீர் நிறைந்ததும் தானாக நிறுத்தும் மிதவை வால்வையும் மெஷின் வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், நான் வாங்காமல் ஒரு ராத்திரி தூங்கிப்போய், காலையில் ஹால் முழுக்க 0 டிடிஎஸ் தண்ணீர்.