லிஃப்ட் போட்ட ஜிம்னியும் தொங்கும் மூக்கும்: நீலகிரிப் பாதையில் ஸ்ப்ரிங் தேர்வு

2 இன்ச் லிஃப்ட் போட்ட, அதாவது ஸ்ப்ரிங் மாற்றி உயரம் கூட்டிய மாருதி ஜிம்னியில் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் ஏறியதும் மூக்கு தொங்கிவிடும். கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது அப்பட்டமாகத் தெரியும். பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் எல்லை மீறி மேலேறாமல் தடுக்கும் ரப்பர்) முட்டும், பின்சக்கரம் பிடிப்பு குறைந்து லேசாகும். "எத்தனை இன்ச் தூக்கும்?" என்று கேட்டு ஸ்ப்ரிங் வாங்குவதால் வரும் வினை இது. எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் அளவு. ஊட்டி, கோத்தகிரி பக்கம் சமதரை கிடைப்பது அரிது. நான்கு சக்கரத்தடியிலும் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்துவிடுங்கள். டேங்கை நிரப்பி, நியூட்ரலில் இரண்டு மீட்டர் உருட்டி நிறுத்தி, ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையும் அளக்க வேண்டும். முன், பின் மட்கார்டு உயரம் கம்பெனியிலிருந்தே ஒன்றல்ல. அதனால் மட்டத்தைச் சேஸிஸில் பாருங்கள்.

கணக்கு எளிது. முன்னால் கூடுதலாக 60 கிலோ என்றால் ஒரு ஸ்ப்ரிங்குக்கு 30 கிலோ, அதாவது சுமார் 294 நியூட்டன். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்ப்ரிங் இதில் 12 மிமீ அமுங்கும். வின்ச் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம். பின்பக்கமும் சற்று எழும். ஸ்பேசர் வைத்தால் உயரம் மட்டுமே கிடைக்கும், விறைப்பு கூடாது, ஷாக் அப்சார்பர் கீழே இறங்கும் தூரமும் அந்த அளவுக்குக் குறையும். கம்பி 13 மிமீயிலிருந்து 14 ஆனாலே, சுருளின் விட்டமும் சுற்று எண்ணிக்கையும் மாறாவிட்டால், விறைப்பு மூன்றிலொரு பங்கு கூடிவிடும்.

ஆனால் பின்பக்கத்துக்கு அளவுக்கு மீறிய விறைப்பு வேண்டாம். கல் பாவிய எஸ்டேட் ரோட்டில் காலி வண்டி குதித்துக்கொண்டே போகும். எப்போதும் வண்டியில் இருக்கும் எடையை மட்டும் கணக்கில் சேருங்கள். காலியாக நிற்கையில் பின்பக்கம் 10–15 மிமீ உயர்ந்திருந்தால், ஆளும் சாமானும் ஏறியதும் சமமாகும்.

மாட்டும்போது எடை சேஸிஸ் ஸ்டாண்டில் நிற்கட்டும், ஆக்சிலை ஜாக்கியால் மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒரு கண் இருக்க வேண்டும். ஸ்ப்ரிங் நுனி, அது உட்காரும் தட்டான சீட்டின் படியில் சரியாக உட்காரவில்லை என்றால் வளைவுக்கு வளைவு கிறீச்சிடும். இடது, வலது நீளம் வேறான செட்டில் நீளமானது டிரைவர் பக்கம், நமக்கு வலது. ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிய நிலையிலேயே வேலை செய்து சில மாதங்களில் கிழியும். வண்டி அமுங்காமல் நிற்பதால், ஸ்ப்ரிங் இன்னும் இறங்கவில்லை என்ற தவறான முடிவுக்கும் கொண்டுபோகும்.

லிஃப்டில் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைவதால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்பும்; அந்தச் சாய்வைத் திருத்தக் காஸ்டர் புஷ் தேவை. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டான பனார்டு ராடால் ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும், அதையும் சரிசெய்யுங்கள்.

புது ஸ்ப்ரிங் முதல் 1,000 கி.மீ.க்குள் சில மிமீ இறங்கும். அதன் பிறகு மீண்டும் அளந்து, ஹெட்லைட்டை அப்போது திருத்துங்கள். மூக்கு தூக்கிய விளக்கு தொட்டபெட்டா மூடுபனியில் வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். மழைக்காலம் முழுக்க அடிச் சீட்டில் சேறு தங்கும். அங்கே பெயின்ட் உரிந்து துரு பிடித்த இடத்தில்தான் கம்பி விரிசல் விடத் தொடங்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, கீழ்ச் சுற்றை விரலால் தடவிப் பாருங்கள்.