தாப்பா சாலையோர நர்சரி: குட்டை வெட்சி வாங்க நம்பிப் போகலாம்

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் வைக்க, குட்டையாகவும் எப்போதும் பச்சையாகவும் இருந்து, அடிக்கடி பூக்கிற செடி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில், ஊரைத் தாண்டியதும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டி ஒரு நர்சரி இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பச்சை வலை போட்ட பந்தலும், முன்னால் அடுக்கிய மண் மூட்டைகளும்தான் அடையாளம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பல வருடம் தோட்டத்து நாற்றுமேடையில் செம்பனைக் கன்று வளர்த்தவர். அந்தக் கை அனுபவம் கடையில் ஒவ்வொரு பாலிபேக்கிலும் தெரிகிறது.

எனக்கு என்ன தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மெஷின் இருப்பது முன்பக்க ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே செடி இரண்டு அடிக்கு மேல் போனால் வெளிச்சம் அடைபடும், வாசலில் துணியோடு வந்து நிற்கிறவர்களும் தெரியமாட்டார்கள். ஆனால் செடி இல்லாமலும் இருக்க முடியவில்லை. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில் வாசலைத் தாண்டினால் மண்தான். அம்மா வைத்த செம்பருத்தியும் அரளியும் குரோட்டனும் யாரும் கவனிக்காமலே வளர்ந்து நின்றன. தாமானுக்கு வந்த பிறகு கேட் வரைக்கும் சிமெண்டுதான். எது வைத்தாலும் தொட்டியில்தான் வைக்க வேண்டும்.

நியூசிலாந்தில் வெலிங்டனில் இருக்கும் என் மகள், அவள் வீட்டு வாசலில் உள்ள செடியைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். முழங்கால் உயரம், உருண்டையாக, இலை நெருக்கமாக, ஊதா நிறத்தில் கதிர் கதிராகப் பூ. ஹீபி என்று பெயர். அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கைப்பேசியைக் காட்டிக் கேட்டேன். கடைக்கார அண்ணன் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தார். "இது நம்ம பக்கம் நிக்காதுங்க. வெயில் எந்தப் பக்கம் அடிக்குது உங்க வீட்டுல? தொட்டி எதுல வாங்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹீபி வகைகளில் பெரும்பாலானவை நியூசிலாந்துக்கே உரியவை. கடும் பனியும் வேண்டாம், கடும் சூடும் வேண்டாம் என்கிற மிதமான சீதோஷ்ணத்துச் செடி. கடற்காற்றைக்கூடத் தாங்கும். வெலிங்டனில் கோடைப் பகலே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். தாப்பாவில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம், இரவிலும் 23க்குக் கீழே அதிகம் இறங்காது, காற்றில் எப்போதும் ஈரம். அந்தச் செடி நம் வாசலில் இலைப்புள்ளி பிடித்து, வேர் அழுகிப் போவதற்குத்தான் வாய்ப்பு. மலையிலிருந்து இறங்கி வரும் அசேலியாவுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அசேலியா மொட்டு சரியாக விரிய அங்கே கிடைக்கிற மாதிரிக் குளிர் வேண்டும். பூத்த செடியைக் கீழே கொண்டு வந்தால் அந்தப் பூ இருக்கும்வரை கண்ணுக்கு அழகு, அடுத்த பூவுக்கு உத்தரவாதம் இல்லை. மலைக்கும் நமக்கும் சாலையில் வெறும் 60 கிலோமீட்டர்தான் என்பதால் பலர் இதை யோசிப்பதில்லை. கேட்பவர் கேட்டதை விற்றுவிட்டுப் போகாமல் இதை எடுத்துச் சொன்னாரே, அதற்காகவே இந்தக் கடையை மதிக்கிறேன்.

அவர் காட்டியது குட்டை வெட்சி. இட்லிப்பூ என்றால் எல்லோருக்கும் தெரியும், மலாய்க்கார கடைகளில் சியாந்தான் என்று கேட்க வேண்டும். காப்பிச் செடியின் குடும்பம். தென்னிந்தியா, இலங்கைப் பக்கத்துச் செடி என்பதால் நம் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கமானவை. பெரிய இலை வெட்சி ஆள் உயரம் தாண்டும். குட்டை வகை இரண்டு அடியைச் சுற்றி நின்றுவிடும், இலையும் சின்னது, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று நிறமும் பல.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். கடைகளில் குட்டையாக நிற்பதெல்லாம் குட்டை வகை அல்ல. பாக்லோபியூட்ரசால் என்று ஒரு வளர்ச்சித் தடை மருந்து இருக்கிறது. செடியின் தண்டை நீள வைக்கும் ஜிப்ரலின் சுரப்பை அது குறைக்கும். அலங்காரச் செடி வளர்ப்பவர்கள் பல நாடுகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மருந்தின் வேகம் குறைந்ததும் செடி தன் குணத்துக்குத் திரும்பி, கணு நீண்டு ஓங்கி வளரும். என் மாதிரி ஜன்னலோரம் வைக்கிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. இந்தக் கடையில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பந்தலுக்குப் பின்னால் வேலியோரம் தாய்ச்செடிகளை மண்ணிலேயே நட்டு வைத்திருக்கிறார். தண்டு என் கட்டைவிரல் பருமன், பட்டை வெடித்த பழைய செடி, ஆனால் உயரம் முழங்காலைத் தாண்டவில்லை. அதிலிருந்து வெட்டிய குச்சிதான் முன்னால் பாலிபேக்கில் நிற்கிறது. விற்கிற செடியின் தாயைக் காட்டுகிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்தது வேர். நான் எடுத்த ஒரு செடியை வாங்கி, பாலிபேக்கின் அடியைக் கத்தியால் கீறித் திறந்து காட்டினார். வேர் பையைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. அதைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தார். நாற்றுமேடையில் வளைந்த கன்று, கூம்பிய கன்று, பின்தங்கிய கன்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு நடவு அனுப்புவார்கள். பழுதான கன்றை நட்டால் இருபது இருபத்தைந்து வருடம் அந்த இடம் வீண். எட்டு வெள்ளி (ரிங்கிட்) செடிக்கும் அதே கணக்கைப் பார்க்கிறார்.

தொட்டி விஷயத்தில் அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. வெட்சிக்குப் புளிப்பு மண் பிடிக்கும். சிமெண்டுத் தொட்டியிலிருந்தும் சிமெண்டுச் சுவரோரத்திலிருந்தும் சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எங்கள் தாமானில் பாதி வீட்டு இட்லிப்பூவுக்கு இந்த நோய்தான், எல்லோரும் உரம் பற்றவில்லை என்று மேலும் மேலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் தொட்டியோ சுட்ட மண் தொட்டியோ போதும், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். மஞ்சள் கண்டால் இலையில் தெளிக்க இரும்புச்சத்துப் பொடியும் கடையிலேயே சின்னப் பொட்டலமாகக் கிடைக்கிறது.

மண் கலவைக்கு மேல்மண் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்று சொன்னார். அப்படிக் கலந்தால் தண்ணீர் தேங்காது, சீக்கிரம் காயவும் செய்யாது. ஆனால் அவர் கடையில் கட்டி வைத்திருக்கும் கலவை மூட்டையில் நார்த்தூள் அதிகமாகவே இருக்கிறது. மேற்கு வெயில் படுகிற என் வாசலில் அது மதியத்துக்குள் காய்ந்து, தொட்டி ஓரம் விட்டு இடைவெளி விழுந்தது. அவரிடமே சொன்னேன். தூக்க லேசாக இருக்க வேண்டும் என்று பலர் கேட்பதால் அப்படிக் கட்டுவதாகச் சொன்னார். சரி, வாங்குகிறவர்கள் மேல்மண் ஒரு மூட்டை சேர்த்து வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

உரம் பற்றிக் கேட்டால் "பாஜா கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, நம்ம மழை எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும்" என்பார். தொட்டியில் அது உண்மைதான். மெதுவாகக் கரையும் குருணை உரம் எனக்குச் சரியாக வந்தது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை அவர் விற்பதே இல்லை. தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வரும். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இல் இருந்தே இருக்கிறது, சுகாதாரத் துறையினர் வந்து லார்வா கண்டால் அபராதம். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் போதும், வேருக்கும் காற்றோட்டம்.

வெட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெட்சி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். சாலையோர வேலிகளை மெஷின் வைத்து சதுரமாக வாரம் தவறாமல் சீவினால் இலைச்சுவர்தான் கிடைக்கும், பூ குறைந்துவிடும். பூங்கொத்து உதிர்ந்த பிறகு அந்தக் கொத்தோடு இரண்டு கணு கீழே வெட்டிவிட்டால் பக்கத்தில் இரண்டு துளிர் வரும், பூவும் இரண்டாகும். நான் துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை, இதற்குத் தனியாகச் சின்னக் கத்தரி வைத்திருக்கிறேன். எறும்பு ஏறினால் இலைக்கு அடியில் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும், விட்டால் கரும்பூஞ்சை படியும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, பிறகு லேசான சோப்புத் தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும்.

இப்போது என் ஜன்னலுக்கு வெளியே ஐந்து தொட்டி நிற்கிறது. மூன்று சிவப்பு, இரண்டு ஆரஞ்சு. ஜன்னல் விளிம்பைத் தாண்டவில்லை, வெளிச்சம் அப்படியே வருகிறது. கிருத்திகைக்கு முருகனுக்கு வைக்கப் பூ கடைக்குப் போவதில்லை, வெட்சி முருகனுக்கு உகந்தது என்பதால் மனதுக்கும் நிறைவு. பள்ளி விட்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுகிறார்கள், நானும் தடுப்பதில்லை. மகளுக்குப் படம் அனுப்பினேன், ஹீபியைவிட இதுதான் அழகு என்றாள். என் அபிப்பிராயமும் அதுவே.

குறைகளும் உண்டு. எந்தச் செடியிலும் விலை எழுதியிருக்காது, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எனக்குச் சின்ன பாலிபேக் எட்டு வெள்ளி, நன்றாகக் கிளைத்தது பதினைந்து. பேரம் பேசினால் குறைக்கமாட்டார், கூடுதலாகச் செடி வாங்கினால் கருக்கிய உமி ஒரு பை சும்மா கொடுப்பார். காசுதான் வாங்குகிறார், கார்டு செல்லாது. வாகனம் நிறுத்த இடம் குறைவு, சனி ஞாயிறுகளில் மலைக்குப் போகும் வண்டிகள் வரிசையாக வருவதால் வலது பக்கம் திரும்பிக் கடைக்குள் நுழைவது ஆபத்து. வார நாள் காலையில் போங்கள். அப்போது அண்ணன் தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மனைவி மட்டும் இருப்பார், விலை சொல்வார், ஆனால் நோய் பற்றிய கேள்விகளுக்கு "அவர் வந்ததும் கேளுங்கம்மா" என்றுதான் பதில் வரும். மஞ்சளான இலை இருந்தால் ஒன்றிரண்டு பறித்து எடுத்துப் போங்கள், தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.